வயதைப் பார்த்து ஏமாறுகிறோம்: மூத்தோர் மாரடைப்பும் இளையோர் மாரடைப்பும்

மதுரையில் முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டால் தெருவே நின்று பேசும். கோரிப்பாளையத்திலிருந்து பெரியார் நிலையம் வரை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு டீக்கடையில் அதே பேச்சுதான். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் போனால் அது கல்யாணச் சாவு. கொட்டு உண்டு, பூப்பல்லக்கு உண்டு, பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும் உண்டு. ‘என்ன செஞ்சுச்சு?’ என்று யாராவது கேட்டால், ‘வயசாயிருச்சுல்ல’ என்பதோடு விசாரணை முடிந்துவிடும். 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான். மீதிச் சாவுகளில் எத்தனை மாரடைப்பு ‘வயசு’ என்ற பெயரில் கரைந்துபோயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை.

இளையவருக்கு நெஞ்சு வலித்தால் ‘இந்த வயசுலயா?’ என்று நம்ப மறுக்கிறோம். மூத்தவருக்கு முடியாமல் போனால் ‘வயசானா இப்படித்தான்’ என்று சமாதானம் ஆகிறோம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு எண்ணங்களாலும் கெடுவது நேரம். இதயத் தமனி அடைபட்டுவிட்டால் அந்தப் பகுதித் தசை நிமிடக் கணக்கில் செத்துக்கொண்டே வரும் என்பதால், இந்த நோயில் நேரம் போனால் உயிரும் போகும்.

எண்கள் காட்டும் இரட்டை உண்மை

‘நம்ம ஆட்களுக்குச் சீக்கிரமே அட்டாக் வருது’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளை வைத்து, 2007இல் தெற்காசியர்களைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியாவில் 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. நம் மரபணுவே சாபம் என்று இதை வைத்து முடிவுகட்டுவோர் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, வயிற்றுப் பருமன் முதலான ஒன்பது காரணிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் வயது வித்தியாசத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அந்தக் காரணிகள் நமக்கு இள வயதிலேயே வந்துவிடுகின்றன; பின்னாலேயே நோயும் வருகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4.

இந்தியாவுக்குள் நடந்த பெரிய பதிவேடு ‘கிரியேட்’. 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு வந்த 20,468 நோயாளிகளைப் பற்றியது. 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. நோயாளிகளின் சராசரி வயது 57.5. அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானோரில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. ஏழைகளுக்கு உரிய சிகிச்சை குறைவாகக் கிடைத்ததே இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம்.

வருவது ஒரு கணக்கு, அதிலிருந்து பிழைப்பது வேறு கணக்கு. 1990களின் தொடக்கத்தில் 41,021 பேரைக் கொண்டு நடந்த ‘கஸ்டோ’ ஆய்வில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பெற்றவர்களை வயதுவாரியாகப் பிரித்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 65 வயதுக்குக் கீழே 3 விழுக்காடு. 65 முதல் 74 வரை 9.5. 75 முதல் 85 வரை 19.6. அதற்கும் மேலே 30.3. மருத்துவமனைக்கு வந்து, மருந்தும் ஏறிய பிறகு கிடைத்த எண்கள் இவை. செய்தியாவது இளையவரின் மாரடைப்பு. அதிகம் பேரைக் கொண்டுபோவது மூத்தவரின் மாரடைப்பு.

பெயர் ஒன்று, நோய் இரண்டு

நாற்பது வயதுக்காரரின் இதயத்தில் பெரும்பாலும் நடப்பது இது. ஒரே ஒரு தமனியில், பாதி அளவுகூட அடைக்காத, மென்மையான கொழுப்புப் படிவு ஒன்று இருக்கிறது. முந்தின நாள் மாடி ஏறியபோதுகூட அது வலியாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்காது. அதன் மேல்தோல் கிழிகிறது அல்லது அரிபடுகிறது. அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகி, சில நிமிடங்களில் தமனி முழுவதும் அடைத்துக்கொள்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு ரத்தம் உறையும் போக்கு அதிகம் என்பதால், இளையோர் மாரடைப்பில் உலகம் முழுக்க முதல் குற்றவாளி பீடியும் சிகரெட்டும்தான். இன்னொரு தீமையும் இளமையோடு சேர்ந்தே வருகிறது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குறுகிவந்த தமனிக்கு இதயம் பக்கக் குழாய்களை வளர்த்து வைத்திருக்கும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளை அடைத்துவிட்டால் சந்துபொந்து தெரிந்த உள்ளூர்க்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். வெளியூர்க்காரர் நடுவீதியில் மாட்டிக்கொள்வார். இளைய இதயத்துக்கு அந்தச் சந்துகள் இன்னும் உருவாகியிருக்காது. அதனால்தான் சிலர் அடைத்த மறுநிமிடமே துடிப்புத் தாறுமாறாகி விழுந்துவிடுகிறார்கள்.

மதுரைச் சமவெளியில் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணம், பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு. ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் என்ற அளவில் உலகெங்கும் உள்ள மரபணுக் குறை இது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் நாற்பதுகளிலேயே மாரடைப்பு வரலாம். இருவரிடமிருந்தும் வந்தால் பள்ளிக்கூட வயதிலேயேகூட. அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் நீடிக்கும் குடும்பங்களில் இந்த இரட்டை வாய்ப்பு கூடுகிறது. முழங்கை, கணுக்கால், கண்ணிமை ஆகிய இடங்களில் மஞ்சள் கட்டி தெரியும் பிள்ளைக்கும், அப்பாவோ சித்தப்பாவோ ஐம்பதுக்குள் இறந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கொழுப்புப் பரிசோதனை போதும். ஒரு தலைமுறையையே காப்பாற்றலாம்.

எழுபத்தைந்து வயதுக்காரரின் கதை வேறு. அவருக்கு மூன்று தமனிகளிலும் படிவு இருக்கும். சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே இருக்கும். கட்டி உறைந்து முழுதாக அடைப்பதைவிட, பாதி அடைப்போடு தடுமாறிக்கொண்டிருக்கும் மாரடைப்பு இவர்களிடம் அதிகம். ஈசிஜியில் அது பளிச்சென்று தெரியாது. கட்டியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அக்னி நட்சத்திர வெயிலில் கடலைக் காட்டில் களை எடுக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். ரத்தசோகை ஏற்கெனவே உண்டு. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. ரத்த அழுத்தம் தாழ்கிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. குறுகிப்போன தமனி வழியே இதயத்துக்குத் தேவையான பிராணவாயு போதவில்லை, தசை சாகிறது. 2018இல் வகுத்த உலகளாவிய வரையறை இதை இரண்டாம் வகை மாரடைப்பு என்று தனியாகப் பிரிக்கிறது. இவருக்குத் தேவை நீரேற்றம், ரத்தம், காய்ச்சலுக்கோ கிருமிக்கோ மருந்து. கட்டி கரைக்கும் ஊசி போட்டால் கேடுதான்.

வலிக்காத மாரடைப்பு

சினிமாவில் மாரடைப்பு என்றால் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். நம் மனத்தில் பதிந்திருப்பதும் அந்தப் படம்தான். அமெரிக்காவில் 4,34,877 மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இந்தப் படத்தை உடைத்தது. மூன்றில் ஒருவருக்கு நெஞ்சு வலியே இல்லை. வலி இல்லாதவர்களின் சராசரி வயது 74. வலி வந்தவர்களுக்கு 67. வலி இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு வரச் சராசரியாக 7.9 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். வலி வந்தவர்களுக்கு 5.3 மணி நேரம். மருத்துவமனையில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 23.3 விழுக்காடு, இரண்டாவதில் 9.3 விழுக்காடு. வலிக்கவில்லை என்பதால் நோய் சிறியது என்று ஆகிவிடாது. வலி இருந்திருந்தால் சீக்கிரம் வந்திருப்பார்கள்.

ஏன் வலிப்பதில்லை? நீண்ட காலச் சர்க்கரை, இதயத்திலிருந்து வலியைச் சுமந்துசெல்லும் நரம்புகளை அரித்துவிடுகிறது. வயதும் அவற்றை மழுங்கச் செய்கிறது. இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்படும்போது குமட்டலும் வாந்தியும் முன்னால் வருகின்றன. இதயத்துக்கும் வயிற்றுக்கும் நரம்புவழி உறவு உண்டு. ஆகவே பெரியவர்களின் வாயில் மாரடைப்பு வேறு சொற்களில் வருகிறது: ‘மூச்சு வாங்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘கை கால் அசந்து போச்சு’, ‘வேர்த்து ஊத்துது’, ‘சோறு பிடிக்கல’. சிலர் ஒன்றும் சொல்லாமல் குழம்பிப் பேசுவார்கள். சிலர் விடிகாலையில் கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுவார்கள். வீட்டில் அதற்கு வாயு என்று பெயர் வைத்து, சோடாவோ ஓமத் தண்ணியோ இஞ்சிச் சாறோ கொடுப்பார்கள். ஏப்பம் வந்து கொஞ்சம் லேசானால் ‘பாத்தியா, கேஸ்தான்’ என்று தூங்கப் போவார்கள். காலையில் பெரியவர் கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பார்.

இதில் பெண்களின் நிலை இன்னும் மோசம். முதல் மாரடைப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய ஒன்பது ஆண்டு தள்ளியே வருகிறது என்று இன்டர்ஹார்ட் காட்டியது. அதாவது பெண்ணின் மாரடைப்பு பெரும்பாலும் முதுமையின் மாரடைப்பு. மகன் திருப்பூரிலும் மகள் சென்னையிலும் இருக்க, ஊரில் தனியே இருக்கும் அப்பத்தா ராத்திரி மூச்சு வாங்கினால் யாரையும் எழுப்ப மாட்டார். ‘விடியட்டும்’ என்பார்.

முதியோரின் நோய் வேறு முகத்தோடு வரும் என்பது தமிழ்நாட்டு மருத்துவத்துக்குப் புதிய செய்தி அன்று. இந்தியாவில் முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர் சென்னை மருத்துவர் வ.செ. நடராசன். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான பிரிவைத் தொடங்கினார். அந்தப் பார்வை தாலுகா மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வரை இறங்கி வரவேண்டும் என்பதுதான் பாக்கி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021க்கான மதிப்பீடு 13.6.

‘இந்த வயசுலயா?’

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் 59 வயதில் மாரடைப்பால் இறந்தார்; மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டு அக்டோபர் 29இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். விவேக் இரண்டு நாள் முன்புதான் கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார் என்பதால், அதுதான் காரணம் என்று வதந்தி பறந்தது. தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் குழு பின்னர் அறிவித்தது. அந்த அச்சத்துக்கு முறையான பதில் 2023இல் வந்தது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் வழிநடத்திய ஆய்வு அது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வட்டாரத்தில் உயிரோடிருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் மிதமிஞ்சிய குடி, போதைப்பொருள், வழக்கமில்லாத கடும் உடலுழைப்பு.

இளையோர் மாரடைப்பைத் தற்செயலாகவோ சதியாகவோ பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது: பீடியையும் பரிசோதிக்காத சர்க்கரையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. முப்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர் நெஞ்செரிச்சல் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியிலிருந்து வண்டியை எடுப்பது அந்த வசதியின் விலை. இளையவருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நேரத்துக்கு வந்துவிட்டால் அவர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். கெட்ட செய்தி, பிழைத்தபின் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்துவதிலும் புகையைத் தொடர்வதிலும் அவருக்கு அவசரம் அதிகம். அவருக்கு முன்னால் முப்பது நாற்பது ஆண்டு இருக்கிறது. மறுமுறை அடைக்க நிறையக் காலம்.

ஊசி, ஆஞ்சியோ, வயது

தென் மாவட்டங்களில் மாரடைப்பு வந்தால் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் முதன்மையானது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். உசிலம்பட்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர், மேலூர் 30. ஆனால் தமனி திறக்கும் வேலையை மதுரையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

தாலுகா மருத்துவமனையில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அதில் ‘எஸ்டி’ என்கிற பகுதி மேலே தூக்கியிருந்தால் தமனி முழுதாக அடைத்திருக்கிறது என்று பொருள். ரத்தக்கசிவு, அண்மையில் அறுவை, பக்கவாதம் உண்டா என்று கேட்டுவிட்டு, 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் செவிலியர் பக்கத்தை விட்டு நகர மாட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜி. தூக்கியிருந்த கோடு பாதிக்குமேல் இறங்கியிருந்தால் தமனி திறந்திருக்கிறது. பிறகு 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ, தேவையானால் ஸ்டென்ட்.

சிறிய மருத்துவமனையில் ஊசி, பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்று இரண்டையும் ஒரு வலையாகக் கோத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே சோதித்துப் பார்த்தது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசரி முதலானோர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் 2,420 நோயாளிகள் இடம்பெற்றார்கள். வலையமைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, பின்பு 14.2. ஏழை நோயாளிகள் நிறைந்த இடத்தில் புது மருந்து எதுவும் இல்லாமல், ஒழுங்கால் மட்டும் கிடைத்த குறைவு இது.

இதே ஊசி மூத்தவருக்கு இருமுனைக் கத்தி. கட்டியைக் கரைக்கும் மருந்து மூளையில் ரத்தக்கசிவையும் உண்டாக்கலாம். அந்த ஆபத்து வயதோடு ஏறும். 2013இல் வெளியான ‘ஸ்ட்ரீம்’ ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 75ஐத் தாண்டியவர்களுக்கு மூளைக் கசிவு கூடுவதைக் கண்டு, கட்டி கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் மருந்தின் அளவைப் பாதியாக்கினார்கள், கசிவு குறைந்தது. இளையவர்களை வைத்து வகுத்த அளவு மூத்தவருக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1990களில் மாரடைப்பு மருந்தாய்வுகளில் சேர்க்கப்பட்டோரில் 75 வயதைக் கடந்தவர்கள் 9 விழுக்காடுதான். அமெரிக்காவில் உண்மையான நோயாளிகளில் அவர்கள் 37 விழுக்காடு.

அப்படியானால் முதியவருக்கு ஆஞ்சியோ வேண்டுமா, வேண்டாமா? முழு அடைப்பு மாரடைப்பில் வயது ஒரு தடையே இல்லை; திறப்பதே நல்லது. பகுதி அடைப்பில்தான் கேள்வி. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் விஜய் குணாடியன் தலைமையில் பிரிட்டனின் 48 மையங்களில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,518 பேரிடம் நடந்த ‘சீனியர்-ரீட்டா’ ஆய்வு 2024இல் வெளியானது. நோயாளிகளின் சராசரி வயது 82. ஆஞ்சியோ செய்தவர்களிலும் மருந்து மட்டும் பெற்றவர்களிலும், இதயத்தால் இறப்பு அல்லது மறு மாரடைப்பு ஏறக்குறைய ஒன்றே: 25.6, 26.3 விழுக்காடு. ஆனால் உயிர் போகாத மறு மாரடைப்பு 15 விழுக்காட்டிலிருந்து 11.7 ஆகக் குறைந்தது. ஆயுள் நீளவில்லை, மறுபடி மருத்துவமனைக்கு ஓடும் தொல்லை கொஞ்சம் குறைந்தது.

இங்கே முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பிறந்த வருடம் அன்று, உடலின் வலு. அதற்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரே கேள்வி பாதி வேலையைச் செய்துவிடும்: ‘போன மாசம் ஐயா எப்படி இருந்தாரு?’ சைக்கிளில் வயலுக்குப் போய் மடை திருப்பிவிட்டு வந்தவர் என்றால் எண்பது வயதிலும் ஸ்டென்ட் அவருக்குப் பயன்படும். ஓராண்டாகக் கட்டிலோடு கிடப்பவர், பிள்ளைகளையே அடையாளம் தெரியாதவர் என்றால் அறுபத்தெட்டிலும் அது வீண் துன்பமாகலாம். ‘இந்த வயசுல எதுக்கு அறுத்துக்கிட்டு’ என்று முதலாமவரை வீட்டுக்கு அழைத்துப் போவதும், ‘ஊர் என்ன சொல்லும்’ என்று இரண்டாமவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிப்போடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2009இலிருந்து இருக்கிறது. ஆகவே காசு ஒன்றே இந்த முடிவை எடுக்கிறது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட முடியாது.

செய்யக்கூடியவை

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவருகிறது. 2023 ஜூனில் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் இந்தத் தவணை நெஞ்சு வலி என்று சொல்லி வருபவருக்குத்தான் எளிதில் கிடைக்கும். மூச்சு வாங்குது என்று வரும் பெரியவருக்கும் அசதி என்று வரும் பாட்டிக்கும் ஈசிஜி எடுத்தால்தான் நோய் தெரியும்.

எனவே சுகாதார நிலையத்தில் ஒரு விதி போதும்: 60 வயதைக் கடந்தவரும், சர்க்கரை உள்ளவரும் திடீர் மூச்சிரைப்பு, மயக்கம், வாந்தி, காரணமில்லாத வியர்வை, புதிய குழப்பம் ஆகியவற்றில் எதோடு வந்தாலும் முதலில் ஈசிஜி, பிறகுதான் குளுக்கோஸ் பாட்டில். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் இன்னொன்று. இதயத் தசையின் சிதைவைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் ஒரே முறை பார்த்து முடிவெடுக்கக் கூடாது. தளர்ந்த சிறுநீரகம் உள்ள முதியவருக்கு அது எப்போதுமே கொஞ்சம் கூடியிருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே செய்தி.

வீட்டுக்கும் ஒரு விதி உண்டு. வாயு என்று பெயர் வைக்கும் உரிமையை ஈசிஜி எடுத்த பிறகு மருத்துவருக்கு விட்டுவிடலாம். தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கே வலித்தாலும், வலிக்காமலே மூச்சு முட்டினாலும், பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. நோயாளி பைக்கின் பின்னால் உட்கார்ந்தோ நடந்தோ போகக் கூடாது. இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரு முறையாவது கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் யாராவது ஐம்பதுக்குள் போயிருந்தால் இன்னும் முன்பே.

இந்த விதிகள் எதிலும் வயதை வைத்து ஒருவரை விலக்கும் வரி இல்லை. மருந்தின் அளவைத் தீர்மானிக்க வயது வேண்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நோய் இருக்கிறதா என்று தீர்மானிக்க அது வேண்டாம். முப்பதில் ஒருவருக்கும் எண்பதில் ஒருவருக்கும் அவசரப் பிரிவு மேசையில் எடுக்கும் ஈசிஜி ஒன்றுதான். அதை எடுத்துப் பார்ப்பதற்குள் ‘இருக்காது’ என்றோ ‘இருந்தா என்ன’ என்றோ சொல்லிவிடாமல் இருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் சிகிச்சை.